கைதட்டலுக்கு ஓர் அட்டவணை

1942 மார்ச் 17ஆம் தேதி இரவு, கலிபோர்னியாவின் பொமோனா நகரத்து ஃபாக்ஸ் திரையரங்கில் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘தி மாக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தின் முன்னோட்டக் காட்சி நடந்தது. கூடியிருந்தவர்களில் பலர் ‘தி ஃப்ளீட்ஸ் இன்’ என்ற இசைப்படத்துக்காக வந்த இளைஞர்கள். ஆட்டமும் பாட்டும் முடிந்த கையோடு, ஒரு பணக்காரக் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக நொடித்துப்போகும் கதையை அவர்கள் முன் ஓட்டினார்கள். சிரிக்கக் கூடாத இடங்களில் அரங்கம் சிரித்தது. பலர் பாதியில் எழுந்து போனார்கள். காட்சி முடிந்து எழுதி வாங்கிய கருத்து அட்டைகளில் பெரும்பாலானவை படத்தைத் திட்டின. இரண்டு நாள் கழித்துப் பாசடீனாவில் திரையிட்டபோது வந்த அட்டைகள் எவ்வளவோ மேல். ஆனால் படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனத்தாரின் மனத்தில் தங்கியவை பொமோனா அட்டைகள்தான். வெல்ஸ் அப்போது பிரேசிலில் வேறொரு படவேலையில் இருந்தார். அவர் இல்லாமலேயே நாற்பது நிமிடத்துக்கு மேல் வெட்டி, முடிவையும் மாற்றிப் படமெடுத்து, 88 நிமிடப் படமாக வெளியிட்டார்கள். வெட்டிய சுருள்கள் பின்னர் அழிக்கப்பட்டன.

பார்வையாளரின் உணர்ச்சியை எழுத்தில் பிடித்துவைக்கும் வழக்கத்துக்கு இப்படியொரு முன்கதை உண்டு. அந்த நாட்களில் அது முழுக்க நிறுவனங்களின் கையில் இருந்தது. 1930களின் இறுதியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஃப்ராங்க் ஸ்டான்டனும் வானொலி நிகழ்ச்சிகளுக்காக ஒரு கருவியைச் செய்தார்கள். கேட்பவர் கையில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. ஓடும் காகிதத்தில் பேனாக்கள் கோடு இழுத்துக்கொண்டே போகும். எந்த நொடியில் மனம் ஒட்டியது, எந்த நொடியில் விலகியது என்பதை நிறுவனம் அந்தக் கோட்டில் படித்தது. 1970களின் கடைசியில் எட் மின்ட்ஸ் தொடங்கிய சினிமாஸ்கோர், முதல் நாள் இரவுக் காட்சிக்கு வந்தவர்களிடம் சீட்டு கொடுத்து மதிப்பெண் வாங்கியது. நீல் சைமன் எழுதிய ‘தி சீப் டிடெக்டிவ்’ படத்தை ஆசையோடு போய்ப் பார்த்து ஏமாந்ததில்தான் மின்ட்ஸுக்கு அந்த யோசனை பிறந்தது. விமர்சகர் சொல்வது இருக்கட்டும், டிக்கெட் வாங்கியவர் என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் பதில், ஏ பிளஸ் முதல் எஃப் வரையிலான ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. எந்தக் காட்சியில் கண் கலங்கியது, யாரைக் கண்டால் எரிச்சல் வந்தது என்பதற்கெல்லாம் அந்தச் சீட்டில் இடமில்லை.

அந்த விவரங்களைப் பார்வையாளர்களே எழுதி, அவர்களே வகைபிரித்து, அவர்களே காத்துவரும் பழக்கம் இணையத்தோடு வந்தது.

அதற்கு ஒரு முன்னோடி ஜான் ஹைன் 1997இல் தொடங்கிய ‘ஜம்ப் தி ஷார்க்’ தளம். ‘ஹேப்பி டேஸ்’ தொடரின் நாயகன் ஃபான்ஸி, தோல் மேலங்கியைக் கழற்றாமல் நீர்ச்சறுக்குப் பலகையில் ஏறி ஒரு சுறாவைத் தாண்டிக் குதித்த அத்தியாயம் 1977 செப்டம்பர் 20 அன்று ஒளிபரப்பானது. ஒரு நல்ல தொடர் சரியத் தொடங்கும் தருணத்துக்கு அந்தச் சுறாவே பெயராகட்டும் என்று ஹைனும் அவருடைய கல்லூரி அறைத்தோழரும் 1980களில் பேசிக்கொண்டதுதான் தளத்தின் விதை. நூற்றுக்கணக்கான தொடர்களுக்குத் தளத்தில் இடம் இருந்தது. சரிவு எங்கே தொடங்கியது என்று வந்தவர்கள் வாக்களிக்கலாம். காரணங்களும் வகைபிரித்து வைக்கப்பட்டிருந்தன: தொடரில் குழந்தை பிறந்தது, சிறுவர் நடிகர் வளர்ந்துவிட்டார், அதே பாத்திரத்துக்கு வேறு நடிகர் வந்தார், நாயகனும் நாயகியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள், எல்லோரும் பாடத் தொடங்கினார்கள். சரியவே இல்லை என்றும் வாக்களிக்க வழி இருந்தது. பொதுமக்களின் ரசனைக்கு இத்தனை நுணுக்கமான அட்டவணை அதற்கு முன் அரிது. 2006இல் தளம் டிவி கைடு இதழின் உரிமையாளரான ஜெம்ஸ்டார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஹைனின் அட்டவணைக்கு ஒரு குறை உண்டு. அது ஒரே கேள்வியைத்தான் கேட்டது: எப்போது கெட்டது? சலிப்புக்கு அங்கே பத்துப் பதினைந்து வகைகள். மகிழ்ச்சிக்கு ஒன்றே ஒன்று.

இதற்கிடையில் வேறொரு திசையில், வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று உலகின் முதல் விக்கியைப் பொதுப் பார்வைக்குத் திறந்திருந்தார். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம். பக்கங்களைத் தொகுக்க அவர் கண்ட வழி மிக எளியது. ஒரு வகையின் பெயரைப் பக்கத்தின் அடியில் எழுதினால் போதும். அந்தப் பெயருக்கு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்று தேடினால் அட்டவணை தானாக வந்து நிற்கும். கன்னிங்ஹாமின் விக்கியில் எழுதுவதற்கு இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று ஆவண முறை: பெயரில்லாமல், ஒரே குரலில், எல்லோரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. மற்றது இழை முறை: ஒருவர் சொல்ல, அடுத்தவர் கீழே மறுக்க, மூன்றாமவர் நடுவில் புகுந்து பேசும் உரையாடல். தகவலை முதல் முறையில் எழுதிவிடலாம். கருத்து வந்தால் எழுத்து தானாகவே இரண்டாவது முறைக்குச் சரிந்துவிடும். பின்னால் வந்த விக்கிகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை இருந்தது.

2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா இதற்குக் கடுமையான மருந்தைத் தேர்ந்தெடுத்தது. நடுநிலை நோக்கு கட்டாயம், சான்று கட்டாயம், சொந்த ஆய்வுக்கு இடமில்லை. ஒரு படத்தைப் பற்றிய கட்டுரையில் வரவேற்பு என்றொரு பகுதி இருக்கும். அங்கே நாளிதழ் விமர்சகர் பேசலாம், வசூல் கணக்கு பேசலாம். அரங்கத்தில் உட்கார்ந்து அழுதவர் பேச முடியாது, அவர் அழுததை யாராவது அச்சில் எழுதினால் ஒழிய. கலைக்களஞ்சியத்துக்கு அது சரியான விதிதான். ஆனால் அந்த விதியால் வெளியே நின்றவர்கள் ஏராளம்.

அவர்களில் சிலருக்கு 2004இல் ஒரு வீடு கிடைத்தது. ஃபாஸ்ட் எடி என்ற புனைபெயர்க்காரர் தொடங்கிய டிவி ட்ரோப்ஸ் என்ற விக்கி அது. தொலைக்காட்சிக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் உத்திகளுக்குப் பெயர் சூட்டி, எந்தெந்தப் படைப்பில் அவை வருகின்றன என்று பட்டியலிடுவது அதன் வேலை. அதற்கு முந்தைய ஆண்டு முடிந்திருந்த ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரின் ரசிகர்கள் தொடக்கத்தில் அதிகம் எழுதினார்கள். பிறகு சினிமா, நாவல், காமிக்ஸ், ஜப்பானிய அனிமே, வீடியோ விளையாட்டு என்று எல்லாம் உள்ளே வந்தன. ஒரு படைப்பு பதிவுக்குத் தகுதியானதா என்ற கேள்வியையே அந்த விக்கி கேட்பதில்லை. யாரோ ஒருவர் பார்த்திருந்தால் போதும்.

ஆரம்பத்தில் உத்தியும் உணர்ச்சியும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தன. இரட்டையர் ஆள்மாறாட்டம் என்ற உத்திக்குப் பக்கத்திலேயே, இந்தப் பாத்திரத்தை யாருக்கும் பிடிக்காது என்ற பதிவும் இருக்கும். அதன் கீழே எனக்குப் பிடிக்கும் என்று ஒருவர் எழுதுவார். அதற்குக் கீழே, ஆனால் மூன்றாம் பருவத்தில் அவன் செய்ததை மறந்துவிட்டீர்களா என்று இன்னொருவர். புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி என்று பக்கம் வலப்புறம் தள்ளிக்கொண்டே போனது. எழுதுபவர்கள் தங்களை ‘இந்த ட்ரோப்பர்’ என்று படர்க்கையில் சொல்லிக்கொண்டு சொந்தக் கதைகளை நுழைத்தார்கள். சொந்தக் கதைகளுக்கென்றே தனிப் பக்கங்கள் ஒதுக்கிப் பார்த்தார்கள். அவையும் கட்டுக்கடங்காமல் போய்ப் பின்னர் மொத்தமாக நீக்கப்பட்டன.

எதிர்வினைகளையே தடை செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் வந்திருக்கும். ஆனால் அவற்றில் கழித்துவிட முடியாத செல்வம் இருந்தது. நாடக மேடையும் திரைத்துறையும் உத்திகளுக்குப் பல பெயர்களை வைத்திருந்தன. பார்க்கிறவரின் அனுபவத்துக்குப் பெயர் வைத்தவர்கள் ரசிகர்களே. 1979இல் ‘ஸ்கூபி-டூ’ தொடரின் மவுசைத் தூக்கி நிறுத்தக் கொண்டுவரப்பட்ட குட்டி நாய் ஸ்க்ராப்பி-டூ பலருக்கு எரிச்சலூட்டியது. படைத்தவர் செல்லமாக நினைத்து, பார்த்தவர் வெறுக்கும் பாத்திரத்துக்கு ‘தி ஸ்க்ராப்பி’ என்ற பெயர் நிலைத்தது. ‘சிக்ஸ் ஃபீட் அண்டர்’ தொடரில் நேட் ஃபிஷர் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு விழும்போது, கை மரத்துப்போய்விட்டது என்று குழறிச் சொல்லும் சொல் ‘நார்ம்’ என்று கேட்கும். உருக்கமாக எடுக்க நினைத்து, பார்ப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும் காட்சிக்கு அதுவே பெயரானது. இதைவிடப் பழையது மேரி சூ. 1973இல் பௌலா ஸ்மித் ஒரு ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர் இதழில் எழுதிய குறும்புக் கதையின் நாயகி அவள், எல்லாத் திறமையும் ஒன்றாய் வாய்த்த பதினைந்தரை வயதுப் பெண். ரசிகர்கள் தாமே செய்துகொண்ட விமர்சனச் சொற்கள் இவை. எந்தப் பல்கலைக்கழகமும் இவற்றைத் தொகுத்துக் கொடுத்திருக்காது.

தடை வேண்டாம், பிரித்து வைப்போம் என்று விக்கி முடிவெடுத்தது 2010ஐ ஒட்டிய காலத்தில். பிரிப்பதற்கு மென்பொருளும் ஒத்துழைத்தது. டிவி ட்ரோப்ஸ் ஓடியது பேட்ரிக் மிஷோ எழுதிய பிஎம்விக்கி என்ற நிரலின் மேல், அதுவும் ஏகப்பட்ட மாற்றங்களுடன். அந்த நிரலில் ஒவ்வொரு பக்கமும் ஏதாவது ஒரு குழுவைச் சேர்ந்ததாக இருக்கும். குழுவின் பெயர் முதலில், பக்கத்தின் பெயர் அடுத்து. ஆகவே ‘பஃபி’ என்ற ஒரே தலைப்பைப் பல குழுக்களில் வைக்க முடியும். முதன்மைப் பக்கத்தில் கதை உத்திகள் இருக்கும். அதே தலைப்பில் இன்னொரு குழுவில் எதிர்வினைகள் இருக்கும். மேலே ஒரு தாவலைச் சொடுக்கினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். அந்தக் குழுவுக்கு ஒய்.எம்.எம்.வி. என்று பெயர். காரின் மைலேஜ் ஓட்டுபவரைப் பொறுத்து மாறலாம் என்று 1970களில் அமெரிக்க எரிபொருள் கணக்குகளோடு சேர்ந்து வந்த எச்சரிக்கை வாசகத்தின் சுருக்கம் அது. இணையக் குழுக்களில் ஏற்கெனவே புழங்கிவந்ததை விக்கி எடுத்துக்கொண்டது.

பிரிக்க முடிவெடுத்த பிறகுதான் கடினமான வேலை தொடங்கியது. எது உத்தி, எது எதிர்வினை? விக்கி பின்பற்றும் சோதனையைச் சுருக்கமாகச் சொன்னால், திரையில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்பதுதான். நாயகனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் இருப்பதைக் காட்டிவிடலாம். அந்தச் சகோதரன் சலிப்பூட்டுகிறான் என்பதைக் காட்ட முடியாது. அது பார்ப்பவரிடம் இருக்கிறது. மூன்றாவது வகையும் ஒன்று உண்டு: நடிகர் ஏன் விலகினார், எந்தக் காட்சி எப்படி எடுக்கப்பட்டது என்பன போன்ற படப்பிடிப்புத் தகவல்கள். அவை உண்மைகள்தாம், ஆனால் கதைக்குள் இல்லாதவை. அவற்றுக்குத் துணுக்குகள் என்று தனித் தாவல் கிடைத்தது.

இந்தச் சோதனைக்கு ஓர் அழகான விலக்கு இருக்கிறது. கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் இன்னொரு நாடகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டால், அந்தச் சலிப்பு திரையில் இருக்கிறது. அதை முதன்மைப் பக்கத்திலேயே எழுதலாம். இன்னொரு விதி, எதிர்வினைகளில் எதிர்மறைப் பதிவு கூடாது என்பது. உத்திகளில், இந்தக் கதை அந்த உத்தியை வேண்டுமென்றே தவிர்க்கிறது என்று எழுதலாம், அது படைத்தவரின் முடிவு. யாரும் இந்தப் பாத்திரத்தை வெறுக்கவில்லை என்று எழுதினால் அது எதைப் பற்றிய செய்தியும் ஆகாது. மேலோட்டமாகப் பார்த்தால் குமாஸ்தா வேலை போலத் தெரியும் விதிகள் இவை. ஆனால் படைப்பில் இருப்பது எது, பார்ப்பவர் கொண்டுவருவது எது என்ற பழைய அழகியல் கேள்விக்குப் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கூடி, ஒவ்வொரு பதிவாகப் பதில் எழுதிப் பார்த்த முயற்சி இது.

எதிர்வினைகளிலும் சில மிகவும் பெருகியதால், ஒரு படைப்புக்கு அஞ்சறைப் பெட்டி போல ஐந்து தனிப் பக்கங்கள் வந்தன: சிரித்த இடங்கள், கண் கலங்கிய இடங்கள், நெஞ்சு நிறைந்த இடங்கள், சிலிர்த்த இடங்கள், பயந்த இடங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் படித்தவர் இங்கே ஒரு கணம் நின்றுவிடுவார். நகை, அழுகை, உவகை, பெருமிதம், அச்சம் என்று ஐந்தும் அப்படியே பொருந்துகின்றன. விக்கிக்காரர்கள் தமிழ் இலக்கணத்தையோ ரசக் கோட்பாட்டையோ பார்த்து வகுத்தது அல்ல. பதிவுகள் எங்கே அதிகம் குவிந்தனவோ அங்கே அறை கட்டினார்கள், அவ்வளவுதான். மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டில் மிஞ்சுவன இளிவரல், மருட்கை, வெகுளி. இவற்றில் வெகுளிக்கு விக்கி என்ன இடம் கொடுத்தது என்பது தனிக் கதை.

புகழ்ச்சியைச் சேர்த்துவைத்த மூலைக்குச் சுகர் விக்கி என்றும், வசையைச் சேர்த்துவைத்த மூலைக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லனின் பெயரால் டார்த் விக்கி என்றும் பெயர் வைத்தார்கள். மேலே சொன்ன ஐந்து பக்கங்களிலும் யார் வேண்டுமானாலும் பெயரில்லாமல் எழுதலாம். ஒரு படைப்பு தன்னைக் கோபப்படுத்திய மிக மோசமான தருணத்தைப் பதிவு செய்யும் டார்த் விக்கிப் பக்கத்துக்கு மட்டும் வேறு விதி வகுத்தார்கள். ஒருவருக்கு ஒரு படைப்பில் ஒரு தருணம்தான், அதன் கீழே எழுதியவர் தம் பயனர் பெயரைக் கையொப்பமாக இட வேண்டும். அழுகைக்கும் சிரிப்புக்கும் கேட்காத கையொப்பத்தைக் கோபத்துக்கு மட்டும் கேட்டார்கள். நியாயமான விதி என்றே சொல்ல வேண்டும். பெயரில்லாத கோபம் ஒன்று பத்தாகும். பக்கத்தைப் படிப்பவருக்கு எத்தனை பேர் கோபப்பட்டார்கள் என்றே தெரியாமல் போகும். இன்னும் சூடான சொற்களுக்கு, விளக்கம் மட்டும் இருக்கலாம், எடுத்துக்காட்டே கூடாது என்று முடிவானது. மேரி சூ பக்கத்தில் இன்று எந்தப் பாத்திரமும் பெயர் சொல்லி நிறுத்தப்படுவதில்லை.

உணர்ச்சிகளின் அட்டவணையில் பெயர்கள் நிலையாக இருக்கவும் இல்லை. சிலிர்ப்புப் பக்கத்துக்குப் பழைய ஆங்கிலப் பெயர் மகுடத் தருணம் என்ற பொருளில் இருந்தது. மகுடம் என்றால் ஒரு படைப்புக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். ரசிகர்கள் ஒரு தொடருக்கு நூறு மகுடங்கள் சூட்டினார்கள். கடைசியில் மகுடம் போய், வெறும் தருணங்கள் நின்றன. பயத்துக்கு முதலில் இரண்டு பக்கங்கள் இருந்தன: படைத்தவர் நினைக்காமலே பயமுறுத்தியவை ஒன்றில், நினைத்தே பயமுறுத்தியவை மற்றொன்றில். படைத்தவர் என்ன நினைத்தார் என்பதை எப்படி உறுதி செய்வது? சிறுவர் கார்ட்டூனில் வரும் ஒரு முகம் பயமுறுத்தவே வரையப்பட்டதா, வேடிக்கைக்கு வரையப்பட்டதா? தீராத இந்தச் சண்டைக்குப் பிறகு இரண்டும் ஒன்றாயின.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது ‘கம்ப்ளீட் மான்ஸ்டர்’ என்ற வகையின் வரலாறு. துளி இரக்கமும் மிச்சமில்லாத முழுக் கொடியவன் என்று பொருள். தனக்குப் பிடிக்காத வில்லன்களையெல்லாம் ஆளாளுக்கு அந்தப் பட்டியலில் சேர்த்ததால் அது ஊதிப் பயனற்றுப் போனது. அதைச் சீர்செய்யத் தொடங்கிய உரையாடல் இழை மெல்ல ஒரு நீதிமன்றமாகவே மாறிவிட்டது. இன்று ஒரு பாத்திரத்தை அதில் சேர்க்க விரும்புபவர் முதலில் ஒரு மனு எழுத வேண்டும். படைப்பு என்ன, பாத்திரம் யார், செய்த கொடுமைகள் என்னென்ன, மனம் இளகிய தருணம் ஏதாவது உண்டா, அந்தப் படைப்பின் மற்ற வில்லன்களோடு ஒப்பிட்டால் இவன் எங்கே நிற்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விதான் ஆழமானது. கொலைகள் மலிந்த கதையில் ஒரு கொலைகாரன் தனித்துத் தெரியமாட்டான். அமைதியான கிராமத்துக் கதையில் வரும் ஒரு கந்துவட்டிக்காரன் தனித்துத் தெரியலாம். மற்றவர்கள் எதிர்வாதம் செய்வார்கள். பிறகு வாக்கெடுப்பு. வென்றால்தான் பெயர் பட்டியலில் ஏறும். கவர்ந்திழுக்கும் சூழ்ச்சிக்காரர்களுக்கான இன்னொரு பட்டியலுக்கும் இதே நடைமுறை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தகவல் என்று கருதப்படும் உத்திகளை யார் வேண்டுமானாலும் நேரே எழுதிவிடலாம். கருத்து என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்குச் சாட்சியும் விசாரணையும் தேவைப்படுகின்றன. வாக்கெடுத்து முடிவு செய்த பிறகு அது தனிப்பட்ட எதிர்வினையாக எப்படி இருக்க முடியும் என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த மனுக்களைப் படித்தால், ஒரு பாத்திரத்தை இவ்வளவு கூர்ந்து, காட்சி காட்சியாக, தயவும் கண்டிப்புமாகப் பார்க்கும் பழக்கம் எந்த விமர்சன வகுப்புக்கும் குறைந்ததல்ல என்றே தோன்றுகிறது.

சூட்டோடு சூடாக எழுதுவதைத் தடுக்கக் காலக்கெடுவும் வந்தது. ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிளந்துவிட்டார்கள் என்று பதிவதற்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். வெளிவந்த வாரத்தில் எழும் கூச்சல் பிளவா, வெறும் பரபரப்பா என்று அதற்குள் தெரிந்துவிடும். நீண்ட காலத்தை அளக்கும் வகைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, வந்தபோது தோற்று, பின்னாளில் கொண்டாடப்பட்ட படைப்புகளுக்கு உரியது. ஃப்ராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ 1946இல் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றித் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அமெரிக்க வீடுகளில் அது கிறிஸ்துமஸ் படமாக நிலைத்தது அதன் பிறகுதான். ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. 1982இல் டென்வரிலும் டல்லாஸிலும் நடந்த முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர்கள் குழம்பியதால் நாயகனின் விளக்கக் குரலையும் இனிமையான முடிவையும் ஒட்டவைத்தார்கள். அப்படியும் படம் ஓடவில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு அவை இரண்டையும் நீக்கிய பதிப்பு 1992இல் வந்தது. மறு ஆண்டே அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் இடம்பெற்றது. 1982இல் முகம் சுளித்தவர்கள் பொய் சொல்லவில்லை, பின்னால் வியந்தவர்களும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவைக்க இடம் கொடுப்பதால்தான் இந்த அட்டவணைக்கு வரலாற்று மதிப்பு கூடுகிறது.

இதன் மறுபக்கத்துக்கும் ஒரு வகை உண்டு. வந்தபோது புதுமையாக இருந்து, எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதியதால் இன்று பழகிப்போனதாகத் தெரியும் படைப்புகளுக்கு உரியது அது. 1989 முதல் 1998 வரை ஓடிய ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் பெயரால், அதில் சிரிப்பே வரவில்லை என்ற பொருளில் அந்தப் பக்கத்தை அழைத்தார்கள். தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தொடரின் மீதான வசை என்று நினைத்து, தங்களுக்குச் சலித்த பழைய தொடர்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பின்னர், ஒரு காலத்தில் புதிது, இன்று சாதாரணம் என்று நேராகச் சொல்லும் தலைப்பு வந்தது. படைப்புகளின், பாத்திரங்களின் பெயரைத் தாங்கிய பழைய தலைப்புகள் பல இப்படி மாறிவந்திருக்கின்றன. ஆனால் ஸ்க்ராப்பி அசையவில்லை. அந்த நாய்க்குட்டியின் பெயர் அகராதிச் சொல் போல ஆகிவிட்டது. வெறுக்கப்பட்ட பாத்திரம் பின்னால் நல்ல எழுத்தாளர் கையில் கிடைத்து மனம் கவர்ந்தால் அதைப் பதிவதற்கும் ஸ்க்ராப்பி குவியலிலிருந்து மீட்பு என்று ஒரு பக்கம் இருக்கிறது.

இத்தனை அக்கறையோடு கட்டிய அட்டவணையில் ஒரு பெரிய இழப்பும் நடந்துகொண்டிருக்கிறது. ‘சமீபத்தில்’, ‘இந்த ஆண்டு’, ‘புதிய படம்’ போன்ற சொற்களைப் பதிவுகளில் எழுதக் கூடாது என்பது விக்கியின் நெடுநாள் விதி. நாளை படிப்பவருக்கு அந்தச் சொற்கள் பொய்யாகிவிடும் என்பது காரணம். உத்திகளுக்கு அது பொருந்தும். இரட்டைச் சகோதரன் எந்த ஆண்டும் இரட்டைச் சகோதரன்தான். எதிர்வினை அப்படிப்பட்டதா? இந்தப் பாத்திரத்தை ரசிகர்கள் வெறுக்கிறார்கள் என்ற வரி 2009இல் எழுதப்பட்டதா, போன மாதம் எழுதப்பட்டதா என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. பதினைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு தலைமுறையினர் எழுதிய வரிகள் ஒரே நிகழ்காலத்தில் அருகருகே நிற்கின்றன. பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து வரிவரியாகத் தோண்டினால்தான் தேதி கிடைக்கும். கணினியில் தேதி ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பதிவின் ஓரத்தில் நான்கு இலக்கமாகக் காட்ட ஒரு சிறு நிரல் மாற்றம் போதும். கையொப்பம் கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஆண்டைக் கேட்பது பெரிய காரியம் அல்ல. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து, 2010களில் மக்கள் எதற்குப் பயந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று ஆராய வரும் ஒருவர் இந்தப் பக்கங்களுக்குத்தான் வருவார். அவர் முதலில் தேடப்போவது அந்த நான்கு இலக்கங்களை.